எதைப் பிடிப்பது?

சங்கராந்தியை ஒட்டிச் சந்திரகிரிக்குப் பக்கத்திலுள்ள ரங்கம்பேட்டையில் கூட்டம் திரளும். ஊரார் அதைப் பசுப் பண்டிகை, ‘பசுவுல பண்டுக’ என்கிறார்கள். வெளியூர்ப் பத்திரிகைகளுக்கு அது ஆந்திர ஜல்லிக்கட்டு. மாட்டின் கொம்பில் அலங்கரித்த பலகையைக் கட்டி, தெரு வழியே விரட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் இளைஞர்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். மாட்டை மடக்கிப் பலகையைப் பறித்தவன் அன்றைக்கு வீரன். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மாடு போய்விட்டால் பெயர் மாட்டுக்காரனுக்கு.

திருப்பதிக்காரர் ஒருவருக்கு அமெரிக்கன் ஃபுட்பாலை விளக்கச் சொன்னால் நான் இந்தத் தெருவிலிருந்துதான் தொடங்குவேன். பலகைக்குப் பதில் இரு முனையும் கூம்பிய தோல் பந்து. மாட்டுக்குப் பதில் பந்தை விலாவோடு அணைத்துக்கொண்டு ஓடும் ஆள். அவனுக்கு வழிவிலக்கப் பத்துப் பேர், அவனை மண்ணில் சாய்க்கப் பதினோரு பேர். பெயரில் கால் இருந்தாலும் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். மற்றதெல்லாம், எத்தனை அடி முன்னேறினால் எத்தனை வாய்ப்பு என்ற கணக்கு.

அந்த ஆட்டம் சித்தூர்ப் பக்கம் வேர்விடவில்லை. கடல்கடந்த எத்தனையோ ஆட்டங்கள் இங்கே வராமல் போயிருக்கின்றன, அதில் வியப்பில்லை. ஆனால் இதற்கு இரண்டு வாசல்கள் திறந்தே கிடந்தன. அமெரிக்காவின் இரண்டு சிறிய கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் புல்தரையில்தான் இந்த ஆட்டத்தின் முதல் போட்டி நடந்தது. இன்னொன்றின் குழுவில் ஆடியவர்கள்தான் இதற்கு மாற்று தேடிப் புறப்பட்டார்கள். முதல் கல்லூரியின் ஊரும் இரண்டாவது கல்லூரியும் நம் பக்கத்துக்கு ஆள் அனுப்பியவை. ஆட்கள் வந்தார்கள். பந்து வரவில்லை. வேறு பந்துகள் வந்தன.

முதல் கல்லூரி, நியூ ஜெர்சி மாநிலம் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ரட்கர்ஸ். இன்று பெரிய பல்கலைக்கழகம், அன்று சிறு கல்லூரி. 1869 நவம்பர் 6, சனிக்கிழமை, பக்கத்து ஊரான பிரின்ஸ்டனிலிருந்து மாணவர்கள் ரயிலேறி வந்தார்கள். அணிக்கு 25 பேர். சீருடை என்று ஒன்றும் கிடையாது. மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். தம் ஆள் யார் என்று தெரிய வேண்டுமே என்று ரட்கர்ஸ் மாணவர்கள் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் சீருடை தலைப்பாகை என்பதை நம் ஊரில் யாரும் இதுவரை பெருமையடித்துக்கொள்ளாதது ஆச்சரியம்தான்.

அன்று ஆடியது இன்றைய ஆட்டம் அல்ல. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, எறியவும் கூடாது. உதைக்கலாம், கையால் தட்டலாம், தலையால் முட்டலாம். முட்டுவது பந்தோடு நிற்கவில்லை. ‘பிக் மைக்’ என்று அழைக்கப்பட்ட பிரின்ஸ்டன் பையனும் ரட்கர்ஸின் ஜார்ஜ் லார்ஜும் பந்தைத் துரத்திப் போய், பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்த வேலியின் மேல் விழுந்து அதைச் சாய்த்தார்கள். ரட்கர்ஸ் பேராசிரியர் ஒருவர் குடையை ஆட்டி, உங்களுக்கெல்லாம் நல்ல சாவு வராது என்கிற தோரணையில் கத்திவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. முடிவு 6-4, ரட்கர்ஸுக்கு வெற்றி. அடுத்த வாரம் பிரின்ஸ்டனில் மறு ஆட்டம். அதில் 8-0 என்று தோற்றுத் திரும்பினார்கள். மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று ஆசிரியர்கள் தடுத்ததாகச் சொல்கிறார்கள். ஆக, முதல் சீசன் ஒரு வெற்றி, ஒரு தோல்வியோடு முடிந்தது. ரட்கர்ஸ் அணித்தலைவர் வில்லியம் லெகெட் பிற்காலத்தில் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் போதகரானார்.

இந்தத் திருச்சபையின் பெயரைக் கேட்டதும் சித்தூர், வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ரட்கர்ஸை 1766-இல் நிறுவியது இந்தச் சபைதான். அதன் இறையியல் பள்ளியும் அதே நியூ பிரன்ஸ்விக்கில்தான் இருக்கிறது. ஆற்காடு மிஷனை நடத்தியதும் இதே சபை. யாழ்ப்பாணத்துக்கு 1819-இல் வந்து பிறகு சென்னைக்கு மாறிய மருத்துவர் ஜான் ஸ்கட்டரின் பிள்ளைகள் 1853-இல் அந்த மிஷனை முறையாக அமைத்தார்கள். வேலூர், ஆரணியோடு சித்தூரும் அதன் தொடக்க கால நிலையங்களில் ஒன்று. பிறகு பலமநேரி, மதனப்பள்ளி, புங்கனூர் என்று மேட்டு நிலம் நோக்கிப் போனார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் இறையியல் படித்த ஜேக்கப் சேம்பர்லின் முதலில் பலமநேரியில் இருந்தார், 1863-இல் மதனப்பள்ளிக்குப் போனார், மருத்துவமும் தெலுங்கு எழுத்துப் பணியுமாக வாழ்ந்து 1908-இல் அங்கேயே இறந்தார். அவருடைய மகன் வில்லியம் ரட்கர்ஸில் படித்துவிட்டுத் திரும்பி வேலூரில் கல்லூரி நடத்தினார். அந்தக் கல்லூரிதான் எலிசபெத் ராட்மன் வூர்ஹீஸ் பெயரைத் தாங்கிய ஊரிஸ் கல்லூரி. அந்த அம்மையாரின் கணவர் ரால்ஃப் வூர்ஹீஸ் கொடுத்த பணத்தில்தான் ரட்கர்ஸுக்கு நூலகம் எழும்பியது. ஒரே குடும்பத்தின் பணம் இரண்டு ஊருக்கும் பாய்ந்திருக்கிறது.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் ரட்கர்ஸின் ஆட்டம் ஏன் மதனப்பள்ளி மேட்டுக்கு ஏறவில்லை? என் கணிப்பில் முதல் காரணம் வெறும் தேதிதான். ஸ்கட்டர் சகோதரர்களும் மூத்த சேம்பர்லினும் கல்லூரியை விட்டு வெளியேறியபோது அந்த ஆட்டமே பிறக்கவில்லை. தான் ஆடாத ஆட்டத்தை யாரும் பிள்ளைக்குக் கற்றுத் தரமாட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு ஆட்டம் தெரியும். ஆனால் அவர்கள் நடத்திய பள்ளிகள் சென்னை மாகாண அரசின் மானியத்திலும் மேற்பார்வையிலும் இருந்தவை. சுற்றுவட்டாரத்தில் ஆடப்பட்டவை கிரிக்கெட்டும் ஆங்கிலேயர் கால்பந்தும். எதிர்த்து ஆட இன்னொரு அணி இல்லாமல் எந்த ஆட்டமும் ஒரு வாரத்துக்கு மேல் உயிர் வாழாது.

மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அது அமெரிக்காவிலேயே முளைத்தது. அதைச் சொல்ல நியூ ஜெர்சியை விட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போக வேண்டும். காட்பாடி ஜங்ஷனைப் போலப் பல திசை ரயில்கள் சந்திக்கும் ஊர். அதனாலேயே 1876-இல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா மாணவர் பிரதிநிதிகள் அங்கே மாசசாய்ட் ஹவுஸ் என்ற விடுதியில் கூடி, பந்தைத் தூக்கி ஓடும் ரக்பி விதிகளை எடுத்துக்கொண்டார்கள். ரட்கர்ஸ் ஆடிய ஆட்டம் அந்த அறையிலேயே செத்தது எனலாம். பிறகு யேலின் வால்டர் கேம்ப் அதை உடைத்து மறுபடி கட்டினார். 1880-இல் இரு அணியும் ஒரு கோட்டின் இருபுறம் எதிரெதிரே நிற்கும் முறை வந்தது. 1882-இல் மூன்று வாய்ப்புக்குள் 5 கெஜம் முன்னேறாவிட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். இன்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தின் எலும்புக்கூடு இதுதான். இந்த விதியின் பலன், பந்து வைத்திருப்பவனைச் சாய்ப்பதே ஆட்டத்தின் மையத் தொழிலாகிவிட்டது. அன்று மெத்தைக் கவசம் இல்லை, தலைக்கவசம் இல்லை.

இதே ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. தன் ஊழியர்களைப் பயிற்றுவிக்கச் சிறிய பள்ளி ஒன்றை நடத்தியது. இன்றைய ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி அதன் வாரிசு. 1890-இல் அங்கே அமோஸ் அலோன்சோ ஸ்டாக் வந்து சேர்ந்தார். யேலில் பேர் பெற்ற ஆட்டக்காரர், முந்தைய ஆண்டு நாட்டின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்வானவர். போதகராகப் போவதாக இருந்தவர், பிரசங்கம் தனக்கு வராது என்று தெரிந்துகொண்டு பந்தின் பக்கம் வந்தார். கைக்கு அகப்பட்ட மாணவர்களை வைத்து ஓர் அணி கட்டினார். ஆள் போதாததால் பயிற்சியாளரே இறங்கி ஆடினார். அந்த அணியை ‘ஸ்டாக்கின் குட்டைக் கிறிஸ்தவர்கள்’ என்று வேடிக்கையாகக் கூப்பிட்டார்கள்.

அந்த அணியின் நடுவில், பந்தைப் பின்னால் தள்ளிவிடும் ‘சென்டர்’ இடத்தில் நின்றவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாவின் ஆல்மான்ட்டில் 1861-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். மான்ட்ரியலில் இறையியல் படிக்கும்போது ரக்பி ஆடினார். உடன் படித்தவர்கள் இவனுடைய ஆன்மா கெட்டுவிடுமே என்று ஜெபம் பண்ணினார்கள். ஒருமுறை ஆட்டத்தில் வாங்கிய அடியோடு, கறுத்த கண்களோடு பிரசங்க மேடை ஏறியதும் உண்டு. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே கோபத்தில் கெட்ட வார்த்தை பேசிய சக ஆட்டக்காரன், பக்கத்தில் நெய்ஸ்மித் நிற்பதைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். பிரசங்க மேடையால் ஆகாததைத் திடல் செய்துவிடும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது. போதகர் வேலையை விட்டு ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்த காரணம் அதுதான். அவரை ஏன் நடுவில் நிறுத்தினார் என்பதற்கு ஸ்டாக் சொன்ன பதில் பிரபலம்: எவ்வளவு கொடுமையான காரியத்தையும் கனவான்போலச் செய்பவர் என்றாராம். அந்த இடத்தில் நிற்பவனின் காது ஒவ்வொரு மோதலிலும் நசுங்கும். காதை மூடித் தலையைச் சுற்றித் துணி வைத்துக் கவசம்போல ஒன்று செய்துகொண்டார் நெய்ஸ்மித். பிற்காலத் தலைக்கவசத்தின் மூதாதை அது என்பவர்கள் உண்டு.

சின்ன அணிதான், ஆனால் யேலோடு மோத அஞ்சவில்லை. 1890 டிசம்பர் 12 இரவு நியூ யார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், கூரைக்கடியில், யேல்காரர்களைத் திரட்டிய ஓர் அணியோடு ஆடினார்கள். 16-10 என்று தோற்றார்கள். யேல் அன்று எந்த உயரத்தில் இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது தோல்வியாகத் தோன்றாது. அடுத்த சீசனையும் சேர்த்தால் ஸ்டாக்கின் அணி ஸ்பிரிங்ஃபீல்டில் 10 ஆட்டம் வென்றது, 11 தோற்றது, ஒன்று சமன். புள்ளிப் பட்டியலில் பார்த்தால் சராசரிக்கும் ஒரு படி கீழே. ஆனால் உலகத்தின் விளையாட்டுத் திடல்களை இந்த அளவுக்கு மாற்றிய கல்லூரி அணி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபுட்பால் சீசன் பனியோடு முடிந்துவிடும். அடுத்து வசந்தத்தில் பேஸ்பால் வரும்வரை மாணவர்களைக் கூடத்துக்குள் அடைத்து வைத்து, கர்லா சுற்றுவது போன்ற உடற்பயிற்சி தருவார்கள். சீசன் முழுக்க ஒருவரையொருவர் சாய்த்துப் பழகிய 18 வாலிபர்களுக்கு அது வேப்பங்காய். இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பிடம் தோற்றுப் போனார்கள். உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் குலிக் 1891 டிசம்பரில் வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, இரண்டு வாரத்துக்குள் கூடத்தில் ஆடுகிற மாதிரி ஓர் ஆட்டம் கண்டுபிடி என்றார்.

நெய்ஸ்மித் முதலில் தொட்டது தான் ஆடிய ஆட்டத்தைத்தான். மரத் தரையில் விழுந்தால் எலும்பு முறியும் என்பதால், இடுப்புக்கு மேலே மட்டும் பிடிக்கலாம் என்று மாற்றிப் பார்த்தார். காலை வாரிப் பழகிய பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. கால்பந்தைக் கொண்டுவந்தார், ஜன்னல் கண்ணாடி போயிற்று. லக்ராஸும் சரிவரவில்லை. பிறகு அவர் கேட்டுக்கொண்ட கேள்வி, என் பார்வையில், விளையாட்டு வரலாற்றின் மிகக் கூர்மையான கேள்விகளில் ஒன்று. ஃபுட்பாலில் ஆளை ஏன் சாய்க்கிறோம்? அவன் பந்தோடு ஓடுகிறான், நிறுத்தியாக வேண்டும். அவன் ஓடவே கூடாது என்று வைத்தால்? சாய்க்க வேண்டிய தேவையே போய்விடும். வன்முறையைத் தண்டனை வைத்து ஒடுக்குவதை விட்டுவிட்டு, அது பிறக்கும் காரணத்தையே விதியிலிருந்து உருவி எடுத்துவிட்டார்.

மற்றதெல்லாம் அங்கிருந்து வந்தது. இலக்கு தரையில் இருந்தால் பந்தை வேகமாக எறிவான், காவல்காரன் மறிப்பான், மறுபடியும் மோதல். ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே வைத்தார். அலுவலகக் காவலாளி கொண்டுவந்த பீச் பழக் கூடைகளை மாடத்தின் விளிம்பில் ஆணியடித்தார்கள். மாடத்தின் உயரம் 10 அடி. இன்று உலகெங்கும் கூடைப்பந்து வளையம் 10 அடியில் இருப்பதற்கு வேறு தத்துவம் எதுவும் இல்லை. 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அணிக்கு 9 பேர் ஆடிய முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

இங்கே கதையில் ஒரு முரண் இருக்கிறது. நெய்ஸ்மித் எழுதி, அவர் இறந்த பிறகு 1941-இல் வெளிவந்த புத்தகத்தைப் படித்தால், எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகே அவர் வகுப்புக்குப் போனதாகத் தெரியும். 1939-இல் வானொலியில் பேசியபோது சொன்னது வேறு: கூடையும் பந்தும் கொடுத்ததும் பையன்கள் உதைத்து, குத்தி, கட்டிப் புரண்டு, ஒருவன் நினைவிழந்து கிடந்தான், பந்தோடு ஓடக் கூடாது என்ற விதி அதற்கப்புறம்தான் வந்தது. எனக்கு வானொலிக் கதைதான் நம்பும்படி இருக்கிறது. ஃபுட்பால் குழுவிடம் பந்தைக் கொடுத்துவிட்டு அமைதியை எதிர்பார்ப்பது எப்படி? 1892 மார்ச்சில் நடந்த முதல் பொது ஆட்டமே சாட்சி. மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்று வென்றார்கள். ஆசிரியர்களின் ஒரே புள்ளியை எடுத்தவர் ஸ்டாக். தொட்டுத் தள்ளும் பழக்கத்தை அவரால் விடமுடியவில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை கேலி செய்தது.

ஸ்டாக் அந்த ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் 40 ஆண்டுகள் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்தார். நூறு வயதைத் தாண்டி 1965-இல் இறந்தார். அவர் பிடித்த ஆட்டம் இதற்கிடையில் ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. 1894 நவம்பரில் அதே ஸ்பிரிங்ஃபீல்டின் ஹாம்ப்டன் பூங்காவில் ஹார்வர்டும் யேலும் மோதியதற்குப் பெயரே ‘ரத்தக் குளியல்’. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இரு பல்கலைக்கழகங்களும் ஒன்றோடொன்று ஆடவில்லை. 1905-இல் சாவு எண்ணிக்கை நாளேடுகளில் பட்டியலாக வந்தபோது குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள். கல்லூரி விளையாட்டைக் கண்காணிக்கும் சங்கமும் அப்போது பிறந்தது. தன் வீட்டிலேயே ஒழிக்கலாமா வைக்கலாமா என்று வாதாடப்பட்ட ஆட்டத்தை மிஷனரி எவரும் மூட்டை கட்டி மதராஸுக்கு எடுத்துவரமாட்டார். அவரிடம் அதே கூடத்தில் பிறந்த வேறு சரக்கு இருந்தது.

முதல் கூடைப்பந்து ஆட்டத்தின் இரண்டு அணித்தலைவர்களில் ஒருவர் டங்கன் பாட்டன். அவர்தான் 1894-இல் அந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கூடைப்பந்து பிறந்து மூன்றாவது ஆண்டு. ஆனால் ஓர் ஆட்டத்தைக் கொண்டுவருவது வேறு, அது ஊர் ஊராகப் போவது வேறு. இரண்டாவது வேலையைச் செய்தவர் ஹாரி குரோ பக். பென்சில்வேனியாக்காரர், ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பிறகு அது சைதாப்பேட்டை, நந்தனம் பக்கம் அடையாற்றங்கரைக்கு நகர்ந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. 1943-இல் சென்னையிலேயே இறந்தார்.

சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து உருவானது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை அது மதராஸ் சீமைதான். சைதாப்பேட்டையில் பயின்ற ‘டிரில் மாஸ்டர்’ திருத்தணியிலும் வேலைக்குச் சேரலாம், திருப்பதியிலும் சேரலாம். தமிழிலும் தெலுங்கிலும் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. விசில், வெள்ளைக் கால்சட்டை, சுண்ணாம்புக் கோடு, கம்பு. அவர் பையில் இருந்த பந்து ஸ்பிரிங்ஃபீல்டு வழி வந்த பந்து. நெய்ஸ்மித்தும் ஸ்டாக்கும் பார்த்த கனவு, உடம்பு வழியாக மனிதனைத் திருத்துவது, நம் ஊரில் அரசு ஊதிய விகிதத்தில் ஒரு பணியிடமாக மாறியது. மதமாற்றம் அதில் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது, கோடும் விசிலும் நின்றுவிட்டன.

கூடைப்பந்தை விட அதிகம் நின்றது அதன் தம்பி. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மார்கன் 1895-இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில், கூடைப்பந்தின் ஓட்டம் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காக, குறுக்கே வலை கட்டி ஓர் ஆட்டம் செய்தார். முதலில் ‘மின்டொனெட்’ என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது ‘வாலிபால்’ என்று மாறியது. நகரி, புத்தூர், சத்தியவேடு சாலையில் மாலை பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த வம்சாவளி தெரிய வேண்டியதில்லை. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, பன்னிரண்டு பேர். இந்தியாவில் அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிச்சாமி என்ற பெயரைப் பார்த்தாலே இந்த ஆட்டம் தெற்கே எவ்வளவு ஊறியது என்று புரியும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஒரு சிறு கல்லூரிக் குழு, இரண்டு குளிர்காலம், ஒரே கேள்வி: எதைப் பிடிக்கலாம்? ஃபுட்பாலில் பந்தையும் பிடிக்கலாம், ஆளையும் பிடிக்கலாம். நெய்ஸ்மித்தின் ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கலாம், ஆளைப் பிடிக்கக் கூடாது. மார்கனின் ஆட்டத்தில் எதிராளி வலைக்கு அந்தப் பக்கம், பந்தைக்கூடப் பிடிக்கக் கூடாது, தட்டத்தான் வேண்டும். ஐந்தாறு வருடத்தில் பிடி முழுவதும் கரைந்து போயிற்று. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பிய மிஷன் ஆட்டங்களின் திசை அது.

இதில் விடுபட்ட கட்டம் ஒன்று உண்டு: ஆளைப் பிடிக்கலாம், பந்து கிடையாது. அந்தக் கட்டத்தை நம்மவர்கள் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார்கள். தமிழில் சடுகுடு, தெலுங்கில் செடுகுடு. ஃபுட்பால்காரனிடம் இருப்பதெல்லாம் சடுகுடுவிலும் இருக்கிறது. நடுக்கோடு, எதிரி நிலத்துக்குள் நுழைவு, காலைப் பிடிப்பது, தொடையைப் பிடிப்பது, கைகோத்துச் சங்கிலியாக வளைப்பது, எல்லையைத் தாண்டித் தள்ளுவது. பாடிப் போகிறவன் ஒரு பந்தும் இல்லாமல் ரங்கம்பேட்டை மாட்டைப்போலக் கூட்டத்துக்குள் பாய்ந்து திரும்புகிறான். அவனுடைய சொந்த உடம்புதான் பலகை, கோட்டைத் தாண்டிக் கொண்டுவர வேண்டியதும் அதுதான். கேம்ப் மூன்று வாய்ப்பு, 5 கெஜம் என்று கணக்குப் போட்டுத் தீர்த்த சிக்கலை, ஒரே அணி காலமெல்லாம் பந்தை வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற சிக்கலை, சடுகுடு மூச்சைக் கொண்டு தீர்த்தது. மூச்சு விட்டால் முறை போயிற்று. அளவுநாடா வேண்டாம், கடிகாரம் வேண்டாம், நெஞ்சுக்கூடு போதும். இதைவிடச் சிக்கனமான விதியை எந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை. இப்போது தொலைக்காட்சிக்காக 30 விநாடிக் கடிகாரம் வைத்து அதையும் கெடுத்துவிட்டார்கள் என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

ஆக, ஆளைச் சாய்க்கும் ஆசைக்கு இந்த மண்ணில் காலியிடம் இல்லை. மிஷன் கொண்டுவந்தது ஆளைத் தொடாத ஆட்டங்கள். அவை உட்கார இடம் இருந்தது, உட்கார்ந்தன. சடுகுடுவும் போகவில்லை. மராட்டியத்தில் விதி எழுதப்பட்டு, கபடி என்ற பெயரோடு 1990-இல் ஆசிய விளையாட்டு வரை போனது.

ஃபுட்பாலே நேராக வந்து கதவைத் தட்டியதும் உண்டு. 2011-இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் ‘எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ என்று அறிவித்தார்கள். மைக் டிட்கா, கர்ட் வார்னர் போன்ற, அந்த ஆட்டத்தின் பெரிய பெயர்கள் பின்னால் இருந்தன. ஹைதராபாத், பெங்களூரு, கொழும்பு என்று அணிகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. 2012-இல் முதல் சீசன் கொழும்பு சுகததாச அரங்கில் தொலைக்காட்சிக்காக நடந்தது. புனே மராத்தாஸ் கோப்பையை வென்றது. அதோடு அது அடங்கிவிட்டது. பெயருக்கு ஊர் இருந்தது, ஊருக்கு அந்த அணி தெரியாது. ஓர் ஆளுக்குத் தலைக்கவசமும் தோள்கவசமும் வாங்கும் காசில் ஒரு கிராமமே பல வருடம் வாலிபால் ஆடலாம். ரக்பிக்காரர்களும் கபடிக்காரர்களும் அதில் போய் ஆடினார்கள் என்பது மட்டும் கவனிக்க வேண்டியது. சாய்க்கத் தெரிந்தவர்கள் இங்கே ஏற்கெனவே இருந்தார்கள்.

நெய்ஸ்மித்தின் ஆட்டமும் சடுகுடுவும் ஒருமுறை ஒரே ஊரில் ஆடப்பட்டதுண்டு. 1936 ஆகஸ்டில் பெர்லினில் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஆடப்பட்டது. 74 வயது நெய்ஸ்மித் நேரில் போயிருந்தார். இறுதி ஆட்டம் திறந்தவெளிக் களிமண் தரையில், மழையில். பந்து துள்ளவில்லை. அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. அதே ஒலிம்பிக்கையொட்டிப் பெர்லின் போன, மராட்டியத்து அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் அங்கே கபடி ஆடிக் காட்டினார்கள்.

2023 டிசம்பரில் ஆந்திர அரசு ‘ஆடுதாம் ஆந்திரா’ என்று மாநிலம் முழுக்கப் போட்டி நடத்தியது. சித்தூர், திருப்பதி மாவட்டக் கிராமங்களிலிருந்தும் அணிகள் இறங்கின. ஐந்து ஆட்டங்கள்: கிரிக்கெட், பாட்மின்டன், கபடி, கோகோ, வாலிபால். முதலாவது இங்கிலாந்துச் சரக்கு. இரண்டாவதற்குப் புனேயில் ஆங்கிலேய அதிகாரிகள் விதி எழுதினார்கள். மூன்றாவதும் நான்காவதும் நம்முடையவை. அமெரிக்காவிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, ஆளையும் பிடிக்க முடியாத, பந்தையும் பிடிக்கக் கூடாத ஆட்டம்.